திரை இருண்டா பதிவும் போச்சா? பல திரைகளில் சிசிடிவி பார்க்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை மாலை. உதகை அரசு பாலிடெக்னிக் கல்லூரியில் நீலகிரி மக்களவைத் தொகுதியின் வாக்குப்பதிவு இயந்திரங்கள் பூட்டி, சீல் வைக்கப்பட்டிருந்தன. அங்கே பொருத்தப்பட்டிருந்த 173 கேமராக்களின் காட்சிகள் ஓடிக்கொண்டிருந்த திரைகள் திடீரென இருண்டன. 20 நிமிடங்களுக்கும் மேல் எதுவும் தெரியவில்லை. அதிக வெப்பம்தான் கோளாறுக்குக் காரணம் என்று மாவட்ட நிர்வாகம் சொன்னது. அந்தக் கோடையிலேயே ஈரோடு, விழுப்புரம் மையங்களில் இருந்தும் இதே மாதிரியான செய்திகள் வந்தன.

செய்தியைப் படிச்ச பலருக்கும் வந்த சந்தேகம் ஒண்ணுதான்: நின்னுபோனது கேமராவா, பதிவா, இல்லை வெறும் டிவியா?

இந்த மூணும் வேற வேற. உங்க கடையிலோ, அபார்ட்மென்ட்டிலோ, அலுவலகத்திலோ "இன்னொரு டிவி மாட்டி அங்கேயும் கேமரா பார்க்கணும்" என்று நினைக்கிறவங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். ஏன்னு பார்க்கலாம், வாங்க.

புதுக்கோட்டைக்காரங்களுக்கு இதில் என்ன?

கொஞ்சம் அதிகமாவே இருக்கு. தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 தேர்தலில் இருந்து 'புதுக்கோட்டை' என்ற பெயரில் மக்களவைத் தொகுதியே கிடையாது. மாவட்டத்தின் 6 சட்டமன்றத் தொகுதிகள் 4 மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரிந்து போயின. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியில், விராலிமலை கரூரில், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையில், அறந்தாங்கி ராமநாதபுரத்தில்.

2024-ல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் ஒன்றரை மாதம், இந்த மாவட்டத்து மக்கள் போட்ட ஓட்டெல்லாம் வேறு வேறு மாவட்டங்களில் பூட்டிய அறைகளுக்குள் இருந்தன.

அந்த அறைகளை வேட்பாளர்களின் ஆட்கள் வெளியே இருந்து கண்காணிக்கலாம். கதவு நேரடியாகக் கண்ணில் படாத இடத்தில் அவங்க உட்கார்ந்திருந்தால், சிசிடிவி திரை வழியாகக் காட்டணும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஆக, அங்கே திரைதான் சாட்சியின் கண். அது இருண்டால், உள்ளே பதிவு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தாலும் சந்தேகம் கிளம்பிடும்.

கடைக்கு இது அப்படியே தலைகீழ். டிவி பளிச்சுனு ஓடும், ஆனால் உள்ளே பதிவு இருக்காது. திருட்டு நடந்த மறுநாள்தான் அது தெரியவரும்.

கேமராவில் இருந்து திரை வரை 4 கட்டம்

முதல் கட்டம், கேமரா. இரண்டாவது, காட்சியைப் பெட்டிக்குக் கொண்டுவரும் ஒயரும் ஸ்விட்ச்சும். மூன்றாவது, பதிவுப் பெட்டி. பழைய வகை கேமராவுக்கு டிவிஆர், நெட்வொர்க் கேமராவுக்கு என்விஆர். ஹார்ட் டிஸ்க் இதுக்குள்ளேதான் இருக்கும். நான்காவது, அந்தப் பெட்டியில் இருந்து படம் வாங்கிக் காட்டும் டிவி அல்லது மானிட்டர்.

கோளாறு நான்காவது கட்டத்தில் இருந்தால் பதிவுக்கு ஒண்ணும் ஆகாது. டிவியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் பெட்டி தன் வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கும். கோளாறு முதல் மூன்று கட்டங்களில் இருந்தால் பதிவில் ஓட்டை விழும். சில நெட்வொர்க் கேமராக்களில் மெமரி கார்டும் போட முடியும். பெட்டியோடு தொடர்பு அறுந்தாலும் கேமரா தனக்குள்ளே பதிவு பண்ணி வெச்சுக்கும்.

அதனால் திரை இருண்டுபோனால் முதலில் பார்க்க வேண்டியது டிவியை இல்லை. பதிவுப் பெட்டியின் விளக்கு எரியுதா, போனில் உள்ள ஆப்பில் படம் வருதா என்று பாருங்க. ரெண்டும் சரின்னா, பிரச்சினை டிவியிலோ அதன் ஒயரிலோதான்.

யார் பார்க்கப் போறாங்க?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை இருப்பதாகக் கற்பனை பண்ணிக்கலாம். ரெண்டு மாடி, 16 கேமரா. கல்லாவுக்கு மேலே 32 அங்குல டிவி ஒன்று. அதில் 16 கட்டமும் ஒரே நேரத்தில் ஓடும்.

இப்போ சின்ன கணக்கு. 32 அங்குலத் திரையை 16 கட்டமாகப் பிரிச்சா, ஒவ்வொரு கட்டமும் 8 அங்குலம். சின்ன டேப்லெட் சைஸ். முழு எச்டி டிவி என்றால் ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 480-க்கு 270 புள்ளிகள். முழு எச்டி கேமரா எடுக்கும் படத்தில் இது பதினாறில் ஒரு பங்கு. எட்டடி தள்ளி உட்கார்ந்து இதில் முகத்தை அடையாளம் காண முடியுமா? கஷ்டம்தான்.

சரி, ரெண்டாவது டிவி வாங்கினால் தீர்ந்துடுமா? ரெண்டிலும் அதே 16 கட்டம் ஓடினால் தீராது. மனுஷக் கண்ணுக்கும் ஒரு எல்லை இருக்கு. அமெரிக்காவின் தேசிய நீதி ஆய்வு நிறுவனம் பள்ளிகளுக்காக 1999-ல் ஒரு பாதுகாப்பு வழிகாட்டி வெளியிட்டது. மானிட்டர் திரையையே பார்த்துக்கிட்டு இருப்பவரின் கவனம் 20 நிமிடத்திலேயே ஏற்க முடியாத அளவுக்குச் சரிந்துவிடும் என்று அதில் எச்சரிக்கை இருக்கு. கல்லாவில் பில் போட்டுக்கிட்டே ஓரக்கண்ணால் பார்க்கும் முதலாளிக்கு 20 நிமிடம்கூடக் கிடைக்காது.

அதனால் ஒவ்வொரு திரைக்கும் ஒரு ஆள், ஒரு வேலை என்று முதலிலேயே பிரிச்சிடுங்க. நம்ம ஜவுளிக்கடையில் இப்படிப் பிரிக்கலாம்:

• கல்லா திரை: நுழைவாயில், பணம் வாங்கும் இடம், மாடிப்படி, விலை உயர்ந்த சரக்கு இருக்கும் பகுதி. நாலே கட்டம். 32 அங்குலத்தில் ஒவ்வொன்றும் 16 அங்குலம் கிடைக்கும்.

• வாட்ச்மேன் திரை: பின்வாசல், ஷட்டர், வண்டி நிறுத்துமிடம். இரவில் இந்த மூணு போதும்.

• மற்ற கேமராக்கள்: எப்பவும் திரையில் ஓட வேண்டியதில்லை. பதிவானால் போதும். அசைவு தெரிந்தால் மட்டும் அந்தக் கேமரா பெரிசாகத் திரையில் வரும்படி செட் பண்ணும் வசதி பல பெட்டிகளில் இருக்கு. கடை பூட்டிய பிறகு குடோனில் அசைவு தெரிஞ்சா போனுக்கு அலர்ட் வரும்படியும் செய்யலாம்.

இன்னொரு டிவி மாட்ட 3 வழி

கேமரா மாட்ட வரும் தம்பி பெரும்பாலும் சொல்வது இதுதான்: "ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டா வேலை முடிஞ்சுதுண்ணே." முதலாளியும் "சரி தம்பி, போட்ரு" என்பார். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திக் கேளுங்க: ரெண்டு டிவியிலும் ஒரே படம் வேணுமா, வேற வேற படம் வேணுமா?

வழி 1, ஸ்ப்ளிட்டர். பெட்டியின் எச்டிஎம்ஐ ஒயரை ரெண்டாகவோ நாலாகவோ பிரிக்கும் சின்ன கருவி. விலை குறைவு. ஆனால் எல்லா டிவியிலும் ஒரே படம்தான். கல்லாவில் ஒருத்தர் மவுஸை எடுத்துப் பழைய பதிவைத் தேடினால், வாட்ச்மேன் திரையிலும் அதுதான் ஓடும். அந்த நேரத்தில் பின்வாசலை யாரும் பார்க்கலை.

வழி 2, தனித்தனி அவுட்புட். பெரும்பாலான பெட்டிகளில் எச்டிஎம்ஐ ஒன்று, விஜிஏ ஒன்று இருக்கும். "ரெண்டு ஓட்டை இருக்கே, ரெண்டு படம் வரும்" என்று நம்பிடாதீங்க. விலை குறைந்த பல மாடல்களில் ரெண்டிலும் ஒரே படம்தான் வரும். ரெண்டும் தனித்தனியாக இயங்கும் மாடல்கள் 16, 32 சேனல் பெட்டிகளில் கிடைக்குது. வாங்கும் முன்னாடியே கடையில் ரெண்டு மானிட்டரை மாட்டிக் காட்டச் சொல்லுங்க.

வழி 3, நெட்வொர்க் வழியாக. பதிவுப் பெட்டியும் ரெண்டாவது திரையும் ஒரே ரௌட்டரில் இணைந்திருந்தால் போதும். அந்தத் திரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டரோ, ஆண்ட்ராய்டு பாக்ஸோ, இதுக்கென்றே விற்கும் டீகோடர் கருவியோ மாட்டி, கேமரா கம்பெனியின் மென்பொருளைத் திறந்தால் வேண்டிய கேமராக்களை மட்டும் எடுத்துக்கலாம். செலவு கூடும். ஆனால் ஒரு திரையில் செய்வது இன்னொன்றைப் பாதிக்காது.

தூரமும் முக்கியம். சாதாரண எச்டிஎம்ஐ ஒயர் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம். தரைத்தளத்தில் பெட்டி, ரெண்டாவது மாடியில் டிவி என்றால், கேட்-6 ஒயரில் எச்டிஎம்ஐ அனுப்பும் எக்ஸ்டெண்டர் போடணும். இல்லைன்னா மூன்றாவது வழிக்குப் போயிடலாம். வைஃபையை நம்பி 16 கேமராவையும் ஓட்டாதீங்க. வாடிக்கையாளர் கூட்டம் இருக்கும் நேரத்தில்தான் படம் நின்னு நின்னு வரும்.

கட்டத்தில் மங்கல், பெரிசாக்கினா தெளிவு: ஏன்?

நெட்வொர்க் கேமரா ஒரே நேரத்தில் ரெண்டு தரத்தில் படம் அனுப்பும். மெயின் ஸ்ட்ரீம் தெளிவானது. சப் ஸ்ட்ரீம் லேசானது. 16 கட்டமாகப் பார்க்கும்போது பெட்டி சப் ஸ்ட்ரீமைக் காட்டும். ஒரு கட்டத்தைத் தொட்டுப் பெரிசாக்கினால் மெயின் ஸ்ட்ரீமுக்கு மாறும். எல்லாத்தையும் ஒரே நேரத்தில் முழுத் தெளிவில் விரித்துக் காட்டும் சக்தி பெட்டிக்கு இருக்காது. இது கோளாறு இல்லை.

ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கு. டிஸ்க் சீக்கிரம் நிறையாமல் இருக்க, சில இடங்களில் பதிவையே சப் ஸ்ட்ரீமில் வெச்சுடுவாங்க. திரையில் பார்க்கும்போது எல்லாம் நல்லாத்தான் தெரியும். தேவைப்படும் நாளில் பதிவை ஓட்டிப் பார்த்தால், உள்ளே வந்தவரின் சட்டை நிறம் மட்டும்தான் தெரியும். அதனால் கேமரா மாட்டி முடித்ததும் நேரடிக் காட்சியைப் பார்த்துத் தலையாட்டாதீங்க. ஒருத்தரை வாசல் வழியாக நடக்கச் சொல்லி, அஞ்சு நிமிஷம் கழித்துப் பதிவை ஓட்டி, நிறுத்தி, முகம் தெரியுதா என்று பாருங்க. அதுக்கப்புறம் காசு கொடுங்க.

கரண்ட் போனா?

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது, ஆலங்குடி, கந்தர்வகோட்டை, அறந்தாங்கி பக்கம் பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தன. அந்த அளவுக்கு யாராலும் பேட்டரி வெச்சுச் சமாளிக்க முடியாது. ஆனால் தினசரி வரும் அரை மணி, ஒரு மணி நேர மின்தடையைச் சமாளிக்கலாம். எதை யுபிஎஸ்ஸில் மாட்டுறோம் என்பதுதான் விஷயம்.

தோராயக் கணக்கு ஒன்று போடுவோம். 16 கேமரா, ஒவ்வொன்றும் 5 வாட் என்றால் 80. பதிவுப் பெட்டி 20, ரௌட்டர் 10. மொத்தம் 110 வாட். 43 அங்குல டிவி ஒன்றே சுமார் 80 வாட் இழுக்கும். ரெண்டு டிவி மாட்டினால் 160. பதிவுக்குத் தேவையான மின்சாரத்தைவிட திரைகளுக்குப் போவது அதிகம். எல்லாத்தையும் ஒரே யுபிஎஸ்ஸில் மாட்டினால், டிவி பேட்டரியைக் குடிச்சு முடிக்கும்போது பதிவும் சேர்ந்து நிற்கும்.

எனவே கடைக்கு: கேமரா, பெட்டி, ரௌட்டர் மூணும் ஒரு யுபிஎஸ்ஸில். டிவி வெளியே. கரண்ட் போனால் டிவி அணையட்டும், போனில் பார்த்துக்கலாம். வாக்குப் பெட்டி அறை மாதிரி திரையே சாட்சியாக இருக்கும் இடத்துக்கு: திரைக்கும் தனி யுபிஎஸ், கூடவே மாற்றுத் திரை ஒன்று.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. வீட்டு டிவி 24 மணி நேரமும் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. நாள் முழுக்க ஓட்டணும்னா அதுக்கென்றே வரும் மானிட்டர் வாங்குங்க. பதிவுப் பெட்டியை மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டும் பழக்கம் பல கடைகளில் இருக்கு. பாதுகாப்புக்குச் சரி, ஆனால் காற்று போக வழி வேணும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் மூடிய அலமாரி அடுப்பாயிடும், முதலில் போவது ஹார்ட் டிஸ்க்தான்.

திரையில் ஓடுது, டிஸ்கில் இருக்கா?

2020 ஜூன். சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் உயிரிழந்தனர். விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு விவரம் இருந்தது. நிலையத்தின் சிசிடிவி ஹார்ட் டிஸ்க்கில் 1 டெராபைட் இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. கேமரா இருந்தது. டிஸ்க் இருந்தது. வேண்டிய நாளின் பதிவு மட்டும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2-ல், பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்த உத்தரவிட்டது. பதிவை 18 மாதம் சேமிக்கணும், அத்தகைய கருவி சந்தையில் இல்லையென்றால்கூட ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது.

உங்க கடைக்கு ஓராண்டு தேவைப்படாது. ஆனால் எத்தனை நாள் இருக்கு என்பது தெரிஞ்சிருக்கணும். கணக்கு சுலபம். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 16 கேமராவுக்கு சுமார் 346 ஜிபி. 2 டெராபைட் டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது. 4 டெராபைட் என்றால் பதினொன்றரை நாள். ஒரு மாதம் வேண்டுமென்றால் 10 டெராபைட்டுக்கு மேல் வேணும். அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படி வைத்தால் நாள் கூடும். டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படும். யாரும் உங்களைக் கேட்காது.

ஆக, ஏதாவது நடந்துட்டா "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று விடாதீங்க. அன்றைக்கே அந்தப் பகுதியைப் பென்டிரைவில் நகல் எடுங்க. பெட்டியையும் டிஸ்க்கையும் அப்படியே வெச்சிருங்க. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி, இப்படிப்பட்ட மின்னணு நகலை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது உரிய சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கணும். இன்னொண்ணு, பெட்டியின் கடிகாரம். பத்து நிமிஷம் தள்ளி ஓடினால்கூட வீண் குழப்பம். இணையத்தில் இருந்து நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியை ஆன் பண்ணிடுங்க.

யார் கண்ணில் படக் கூடாது?

திரை கூடக்கூட, பார்க்கக் கூடாதவர் பார்க்கும் வாய்ப்பும் கூடும். கல்லா டிவி வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தால், எந்த மூலை கேமராவில் விழலை என்பதை யார் வேணும்னாலும் படிச்சுக்கலாம். பில்லிங் கம்ப்யூட்டரில் பின் நம்பர் அழுத்தும் இடம் திரையில் தெரியுதா என்றும் பாருங்க. துணி மாற்றும் அறை, கழிப்பறை பக்கம் கேமரா வைப்பது பற்றிப் பேச்சே இல்லை. அது குற்றம், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவே இருக்கு.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் இணையத்தில் கசிந்து விற்கப்பட்டது நாடு முழுக்க அதிர்ச்சியைக் கிளப்பியது. எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டுகள்தான் அதில் பெரிய ஓட்டை. கேமரா மாட்டியவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டே இன்னமும் இருந்தால், உங்க கடைக்கு உங்களுக்குத் தெரியாத ஒரு திரை எங்கேயோ இருக்கலாம். வேலையை விட்டுப் போனவர்களின் போனில் இருக்கும் ஆப் அனுமதியையும் எடுத்துடுங்க.

இன்னிக்கே 10 நிமிஷத்தில் செய்யக்கூடியவை

1. டிவியை அணைச்சுட்டு, போன் ஆப்பில் படம் வருதா என்று பாருங்க.
2. பதிவில் மிகப் பழைய தேதி எது என்று தேடுங்க. உங்களிடம் இருப்பது அத்தனை நாள்தான்.
3. நேற்று இரவு 2 மணிப் பதிவை ஒவ்வொரு கேமராவிலும் ஓட்டிப் பாருங்க.
4. பெட்டியின் நேரத்தைப் போன் நேரத்தோடு ஒப்பிடுங்க.
5. மெயின் சுவிட்சை அணைத்து, யுபிஎஸ்ஸில் பெட்டி எவ்வளவு நேரம் தாங்குது என்று கவனிங்க.
6. பாஸ்வேர்டை மாத்துங்க.

இதில் ஆறும் சரின்னா, தாராளமா ரெண்டாவது டிவி வாங்கலாம். ரெண்டாவதோ மூணாவதோ சரியில்லைன்னா, டிவிக்கு எடுத்து வெச்ச காசில் முதலில் ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் வாங்குங்க.